பதின்மூன்றாம் வயதும் வெம்பிளி ஆட்டமும்



குடும்பத்துக்கு உரிய ஒரு நாளும் நாட்டுக்கு உரிய ஒரு நாளும் ஒரே திகதியில் வந்து மோதிக்கொள்வது உலகில் புதுமையன்று. தேர்தல் நாளிலே திருமணம் வைத்தவரும் உளர்; ஊரடங்குச் சட்டத்தின் நடுவே பிள்ளைக்குப் பெயர் சூட்டியவரும் நம் நாட்டில் உளர். அத்தகைய மோதல்களுள் மிக நூதனமான ஒன்றைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். ஒருபுறம், பதின்மூன்று வயது நிரம்பிய ஒரு யூதச் சிறுவனுடைய வாழ்நாளில் ஒரே முறை வரும் விழா. மறுபுறம், ஒரு நாடு முழுவதும் மூச்சடக்கிக் காத்திருந்த உதைபந்தாட்டம். இரண்டும் 1966ஆம் ஆண்டு ஜூலை மாதம் 30ஆம் திகதி, சனிக்கிழமையன்று, இலண்டன் மாநகரில் நிகழ்ந்தன.

யூதர் என்றதும் நம் தோட்டப்புறத்து மக்களுக்கு வேதாகமத்து மாந்தரே நினைவில் எழுவர். ஆனால் இலங்கைத் தேயிலையின் வரலாற்றில் அவர்களுக்கும் ஓர் இடம் உண்டு. புசல்லாவையிலே ரொத்ஸ்சைல்ட் தோட்டத்தை நடத்திய மொரிஸ், கேப்ரியல் என்னும் வோர்ம்ஸ் சகோதரர் இருவரும் யூதர்; ரொத்ஸ்சைல்ட் என்ற பெருஞ்செல்வக் குடும்பத்தின் மகள் வயிற்றுப் பிள்ளைகள். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலையைப் பெருமளவில் பயிரிட்ட செய்தியை நம் மாணவர் யாவரும் படிக்கின்றனர். அதற்குக் கால் நூற்றாண்டு முன்னரே, 1841இல், சீனத்துத் தேயிலைச் செடிகளைக் கொணர்ந்து தம் தோட்டத்தில் நட்டவர் மொரிஸ் வோர்ம்ஸ். அத்தோட்டங்களில் மண்வெட்டி பிடித்தவர் நம் முன்னோர். ஆகவே, இவர்களுடைய வீட்டு விழா ஒன்றைப் பற்றி அறிந்துகொள்வது நமக்கு முற்றிலும் அயல் வீட்டுச் செய்தியாகாது.

அவ்விழாவின் பெயர் பார் மிற்சுவா. ‘கட்டளையின் மைந்தன்’ என்று அதற்குப் பொருள் கூறலாம். யூத ஆண்மகன் பதின்மூன்று வயது நிரம்பிய அன்று சமயக் கடமைகள் யாவற்றுக்கும் தானே பொறுப்பாளனாகிறான். அதுவரை அவன் செய்த குற்றமும் குறையும் தந்தையின் கணக்கில் எழுதப்படும். அன்று முதல் அவன் கணக்கு வேறு. இதனை நினைவூட்டும் வகையில், மைந்தனுடைய பொறுப்பிலிருந்து தம்மை விடுவித்த இறைவனுக்குத் தந்தை நன்றி கூறும் சிறு மந்திரம் ஒன்றும் உண்டு. வேடிக்கைபோலத் தோன்றினும், பிள்ளையைத் தன் நிழலிலிருந்து வெயிலுக்கு அனுப்பும் தந்தையின் மனநிலை அதிலே அடங்கியிருக்கிறது.

விழாவின் உயிர்நாடி விருந்தன்று; வாசிப்பே. யூதர் செபாலயத்தில் மோசேயின் ஐந்து ஆகமங்களும் தோற்சுருளில் கையால் எழுதப்பட்டுக் காக்கப்படுகின்றன. அதனைத் தோறா என்பர். அவ்வைந்து ஆகமங்களையும் வாரத்துக்கு ஒரு பகுதியாகப் பகுத்து, ஓர் ஆண்டில் ஓதி முடிப்பார்கள். சிறுவன் பதின்மூன்று வயதை எய்தியதும் வரும் ஓய்வுநாளாகிய சனிக்கிழமையிலே, அவ்வாரத்துக்குரிய பகுதியில் ஒரு கூற்றையோ முழுவதையுமோ, அதனோடு சேர்ந்த தீர்க்கதரிசிகளின் ஆகமப் பகுதியையோ, சபையார் முன்னிலையில் இசையோடு ஓதவேண்டும்.

ஓதுவது எளிதென்று நினைத்துவிட வேண்டா. தோற்சுருளிலே உயிரொலிக் குறியீடுகள் இரா. நிறுத்தற் குறிகள் இரா. எந்தச் சொல்லை எந்த இசையில் ஏற்றி இறக்குவது என்பதற்கான அடையாளமும் இராது. மெய்யெழுத்துகள் மாத்திரமே வரிசையாக நிற்கும். நம் பழைய ஓலைச்சுவடிகளைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். சுவடியிலே மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது; குறிலும் நெடிலும் மயங்கும்; சொல்லைப் பிரிப்பதும் சேர்ப்பதும் படிப்பவன் பொறுப்பு. பொருள் தெரிந்தவனே அதனைப் படிக்க இயலும். யூதச் சிறுவனும் அவ்வாறே பல மாதங்கள் ஆசானிடம் பாடங்கேட்டு, குறியீடுள்ள நூலில் பயின்று, மனத்தில் இருத்தி, பின்னரே குறியீடற்ற சுருளின் முன் நிற்கிறான். எழுத்தை விரலால் தொடலாகாது என்பதால், நுனியில் சுட்டுவிரல் போன்ற வடிவமுடைய வெள்ளிக்கோல் ஒன்றால் வரியைத் தொடர்ந்து செல்வான். ஓரிடத்தில் பிழைத்தானாயின் அருகில் நிற்பவர் உடனே திருத்துவர். அவன் அச்சொல்லை மீண்டும் ஓதவேண்டும். ஆண்டு முழுவதும் தேர்வு மண்டபங்களைக் கண்காணிக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஊரார் அனைவரும் பரீட்சகராக அமர்ந்திருக்கும் இத்தகைய தேர்வை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் எழுதத் துணிவர்?

இனி நாட்கணக்குக்கு வருவோம். யூதரின் பஞ்சாங்கம் நம்முடையதைப் போலவே சந்திரனையும் சூரியனையும் ஒருங்கே தழுவியது. மாதம் பிறையோடு தொடங்கும். பருவம் தவறிப் போகாதிருக்கப் பத்தொன்பது ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதத்தை மிகையாகச் சேர்ப்பர். பிறந்தநாளும் அப்பஞ்சாங்கப்படியே கொள்ளப்படும். அதிலே ஆவ் என்று ஒரு மாதம். ஏறக்குறைய நம் ஆடி மாதத்தோடு ஒத்து வரும். ஆடியிலே நாம் நற்காரியம் தொடங்கத் தயங்குவதுபோல, அவர்களும் ஆவ் மாதம் ஒன்பதாம் நாளுக்கு முந்திய மூன்று வாரங்களில் மணம் முதலிய களிப்பான விழாக்களைத் தவிர்ப்பர். காரணம் துயரமானது. எருசலேம் ஆலயம் முதலில் பாபிலோனியராலும், பின்னர் கி.பி. 70இல் உரோமராலும் அழிக்கப்பட்டதை அவ்வொன்பதாம் நாளில் உண்ணாநோன்பிருந்து, தரையில் அமர்ந்து, புலம்பி நினைவுகூர்வர். அதனை அடுத்து வரும் சனிக்கிழமைக்கு ‘ஆறுதலின் ஓய்வுநாள்’ என்று பெயர். துக்கம் நீங்கி மகிழ்ச்சிக்குக் கதவு திறக்கும் நாள் அது. தடைப்பட்டிருந்த விழாக்களுக்கெல்லாம் அதன்பின் வாய்ப்பு உண்டாகும்.

1966ஆம் ஆண்டில் அந்த ஆறுதலின் ஓய்வுநாள் எது தெரியுமா? ஜூலை 30ஆம் திகதியேதான்.

அன்று ஓதவேண்டிய பகுதியும் சாமானியமானதன்று. உபாகமத்திலுள்ள பத்துக் கட்டளைகளும், இறைவன் ஒருவனே என்று யூதர் காலையும் மாலையும் சொல்லும் அறிக்கையும் அப்பகுதியிலேயே வருகின்றன. பத்துக் கட்டளைகள் ஓதப்படும்போது பல செபாலயங்களில் சபையார் அனைவரும் எழுந்து நிற்பது வழக்கம். தீர்க்கதரிசிப் பகுதியோ ஏசாயாவின் ஆறுதல் மொழிகள். பதின்மூன்று வயதுப் பாலகன் ஒருவனுக்கு இதனினும் சிறந்த நாள் அமைவது அரிது.

இப்பொழுது உதைபந்தாட்டத்தின் பஞ்சாங்கத்தைப் பார்ப்போம். அதனை வகுத்தவர் பிறையையும் பார்க்கவில்லை, நோன்பையும் பார்க்கவில்லை. உலகக் கிண்ணப் போட்டிகள் அவ்வாண்டு இங்கிலாந்தில் நடைபெற இருந்தன. இறுதியாட்டம் ஜூலை 30இல் என்பது முன்னரே தீர்மானிக்கப்பட்ட செய்தி. ஆயினும் விழா வைக்கும் பெற்றோருக்கு அது பெரிதாகப்பட வேண்டிய காரணம் இருக்கவில்லை. உதைபந்தாட்டத்துக்குச் சட்டதிட்டம் வகுத்த நாடாயினும், இங்கிலாந்து அதற்கு முன் எந்த உலகக் கிண்ணத்திலும் காலிறுதியைத் தாண்டியதில்லை. பயிற்றுநர் அல்ப் ராம்சே 1963இலேயே இங்கிலாந்து வெல்லும் என்று சொல்லிவைத்தார். கேட்டவர் பலர் நகைத்தனர். மண்டபத்தை அமர்த்தி, அழைப்பிதழ் அச்சிட்டு, சமையற்காரருக்கு முற்பணம் கொடுத்த தந்தையர் அந்நகைப்பிலே நம்பிக்கை வைத்திருப்பர்.

ஜூலை 11ஆம் திகதி முதல் ஆட்டத்தில் இங்கிலாந்து உருகுவேயோடு ஒரு கோலும் அடிக்காமல் சமநிலை கண்டது. விழா வீட்டுக்கு நிம்மதி. பின்னர் மெக்சிக்கோவை வென்றது, பிரான்சை வென்றது, 23ஆம் திகதி காலிறுதியில் ஆர்ஜென்டீனாவை ஒரு கோலால் வென்றது. விழா வீட்டில் கலக்கம். 26ஆம் திகதி மாலை அரையிறுதி, எதிரணி போர்த்துக்கல். பஞ்சாங்கத்தைக் கூர்ந்து பார்த்தால் இங்கே ஒரு விந்தை தெரியும். அந்த 26ஆம் திகதியே ஆவ் மாதம் ஒன்பதாம் நாள். மூன்று வாரத் துக்க காலத்தில் பதின்மூன்று வயது நிரம்பிய சிறுவனுக்கு அதுவே கடமையாக ஏற்கும் முதல் உண்ணாநோன்பு. முந்தின நாள் சூரியன் மறைந்ததிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரும் அருந்தாமல், கோடைக்காலத்து நெடும்பகலைக் கடந்து, இருள் கவியும்வரை அவன் காத்திருக்கவேண்டும். வெம்பிளியில் ஆட்டம் மாலை ஏழரை மணிக்குத் தொடங்கியது. அது முடியும் நேரமும் நோன்பு முடியும் நேரமும் ஒன்றையொன்று அடுத்து வந்தன. இங்கிலாந்து இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றது. நோன்பு முடித்து உண்ண அமர்ந்த குடும்பங்களுக்கு, இறுதியாட்டத்தில் ஆடப்போவது தம் நாடு என்ற செய்தியும் உணவோடு வந்து சேர்ந்தது. இடையில் எஞ்சியிருந்தவை மூன்றே நாட்கள்.

யூத ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை சூரிய அத்தமனத்துக்கு முன் தொடங்கி, சனிக்கிழமை விண்மீன்கள் தோன்றும்வரை நீள்வது. அந்நேரத்தில் நெருப்பு மூட்டலாகாது, வண்டி ஓட்டலாகாது, ஆசாரமுடையவர் மின்விசையையும் தொடார். ஜூலை இறுதியில் இலண்டனில் இரவு ஒன்பது மணிக்குச் சற்று முன்னரே சூரியன் மறையும். ஆட்டமோ பிற்பகல் மூன்று மணிக்கு. ஆகவே ஆசாரம் குன்றாத வீட்டிலே மோதலே இல்லை. அங்கே தொலைக்காட்சிப் பெட்டி ஊமையாகவே இருக்கும். விருந்தினர் எழுந்து போவதற்கு வாகனமும் இல்லை. விளையாட்டின் முடிவு இரவில்தான் தெரியவரும். ஆசாரம் தளர்ந்த வீடுகளிலேயே சிறுவனுக்கு ஆபத்து. காலையில் செபாலயம், பிற்பகலில் விருந்து, விருந்துக்கு நடுவே தொலைக்காட்சி என்ற நிலையில் இருந்த நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையே அன்று அதிகம் இழந்தான். கட்டுப்பாடுகளைச் சிறை என்று மட்டும் எண்ணுபவர் இதனைச் சற்றே சிந்திக்கலாம். சில வேளைகளில் அவை சிறியவனைப் பெரிய கூட்டத்திடமிருந்து காக்கும் வேலிகளாகவும் இருக்கின்றன.

ஆட்டம் எப்படி நடந்தது என்பதை விளையாட்டு அன்பர்கள் அறிவர். மேற்கு ஜேர்மனியின் ஹாலர் முதலில் கோல் அடித்தார். ஜெப் ஹேர்ஸ்ட் சமன் செய்தார். பீற்றர்ஸ் இங்கிலாந்தை முன்னிலைக்குக் கொணர்ந்தார். வெற்றி கைக்கெட்டிவிட்டதென்று எண்ணிய கடைசி நிமிடத்தில் வேபர் மீண்டும் சமன் செய்ய, மேலதிக நேரம் கொடுக்கப்பட்டது. விருந்து வீட்டாருக்கு விதி செய்த கொடுமை அது! அந்த மேலதிக நேரத்தில் ஹேர்ஸ்ட் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்தது. கோட்டைக் கடந்ததா இல்லையா என்ற வழக்கு இன்றளவும் ஓயவில்லை. பின்னரும் அவரே ஒன்று அடிக்க, நான்குக்கு இரண்டு என்று இங்கிலாந்து வாகை சூடியது. பொபி மூர் கிண்ணத்தை ஏந்தினார். பிரித்தானியாவில் மூன்று கோடியே இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் தொலைக்காட்சியில் இதனைக் கண்டதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. நாட்டின் மக்களுள் பாதிக்கு மேற்பட்ட தொகை அது. எஞ்சியவருள் எத்தனை பேர் ஒரு சிறுவனுடைய விருந்தில் அமர்ந்திருக்க முடியும்?

அவ்வாறு விழா மங்கிப்போன சிறுவருள் ஒருவர் பின்னாளில் திரைப்பட இயக்குநரானார். அவர் பெயர் போல் வைலண்ட். தம் விழாவின் நினைவை முதலாகக் கொண்டு, ‘அறுபத்தாறு’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயருடன் அவர் இயக்கிய படம் 2006இல் வெளிவந்தது. அதில் வரும் பேர்னி என்னும் சிறுவன் இரண்டாவது மகன். மூத்தவனுடைய நிழலிலே வளர்ந்து, எவர் கண்ணிலும் படாதவன். இந்த ஒரு நாளிலாவது எல்லோரும் தன்னைப் பார்ப்பார்கள் என்று அவன் கனவு காண்கிறான். தந்தையின் கடை நொடிகிறது. பெருமண்டப விருந்து வீட்டு விருந்தாகச் சுருங்குகிறது. இங்கிலாந்து ஒவ்வோர் ஆட்டமாக வெல்ல வெல்ல, வரமாட்டோம் என்று சொல்வோர் தொகையும் பெருகுகிறது. தன் நாடு தோற்கவேண்டும் என்று தனியொருவனாக வேண்டிக்கொள்ளும் அப்பிள்ளையைக் கண்டு நகைக்கிறோம். நகைக்கும்போதே நெஞ்சு கனக்கிறது. இயக்குநர் தம் கதையைச் சற்றே அலங்கரித்திருக்கிறார். முற்றும் உண்மை என்று அவரும் சொல்லவில்லை. ஆனால் வேதனைக்கு அலங்காரம் தேவைப்படவில்லை.

இங்கே யூதச் சட்டத்தின் ஒரு நுட்பத்தைச் சொல்லியாக வேண்டும். விழா நடைபெறாவிட்டாலும், ஒரு விருந்தினரும் வராவிட்டாலும், அவன் ஓதாமலே போனாலும், பதின்மூன்று வயது நிரம்பிய அந்நாளில் சிறுவன் கடமைக்குரியவன் ஆகிவிடுகிறான். அதற்குச் சாட்சியும் வேண்டா, சான்றிதழும் வேண்டா. யூதரின் கூட்டு வழிபாட்டுக்குப் பத்துப் பேர் கூடவேண்டும்; அத்தொகையை மின்யான் என்பர். பழைய மரபிலே வளர்ந்த ஆண்கள் பதின்மர். ஒன்பது முதியவர் கூடி, பத்தாமவர் இல்லாமல் தவிக்கும் செபாலயத்துக்கு, நேற்றுப் பதின்மூன்று வயதான பையன் ஒருவன் நுழைந்தால் வழிபாடு தொடங்கலாம். எண்பது வயதுப் பெரியவரும் அவனும் எண்ணிக்கையில் ஒன்றே. அவன் இன்றேல் தொகை நிறையாது என்னும் அளவுக்கு அவனை மதித்த சமூகமே, அதே நாளின் பிற்பகலில் அவனுடைய பந்தியில் தொகை குறைந்து நின்றது. சட்டம் அவனை எண்ணியது. மனிதர் எண்ண மறந்தனர். பேர்னி போன்ற பிள்ளைகளின் வருத்தம் விருந்துப் பண்டம் வீணானதைப் பற்றியதன்று.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்று, பத்து மாதங்களுக்கு முன்னர் அமெரிக்காவில் நடந்தது. பேஸ்போல் ஆட்டத்தில் ஈடிணையற்ற பந்து வீச்சாளராக விளங்கிய சாண்டி கூபக்ஸ் ஒரு யூதர். 1965 ஒக்டோபர் 6ஆம் திகதி, அந்நாட்டின் மாபெரும் தொடராகிய உலகத் தொடரின் முதலாட்டம் வந்தது. அன்று யூதரின் பாவநிவிர்த்தி நோன்புநாள். கூபக்ஸ் ஆடமாட்டேன் என்று ஒதுங்கினார். அவருக்குப் பதிலாக வீசியவர் சோபிக்கவில்லை, அணி தோற்றது. அவர் எவருக்கும் உபதேசம் செய்யவில்லை. ஆடாமல் இருந்துகொண்டார், அவ்வளவே. பின்னர் தொடரின் ஏழாவது, இறுதி ஆட்டத்தில் எதிரணிக்கு ஓர் ஓட்டமும் கொடுக்காமல் வீசி வெற்றியையும் பெற்றுத் தந்தார். விளையாட்டு வீரரே நோன்புக்காக விளையாட்டை விட்ட அக்கதை அமெரிக்க யூதச் சிறுவர்க்குப் பெருமிதமாயிற்று. ஒரு விருந்துக்காகத் தொலைக்காட்சியை விட இயலாத இலண்டன் மாமன்மாரை நோக்க, கூபக்ஸ் எங்கோ உயரத்தில் நிற்கிறார்.

ஆயினும் அந்த மாமன்மாரை முற்றாகப் பழிப்பதற்கும் எனக்கு மனம் வரவில்லை. 1881இன் பின்னர் உருசியப் பேரரசில் எழுந்த கொடுமைகளுக்குத் தப்பி, இலண்டனின் கிழக்குப் பகுதிக்கு வந்து சேர்ந்த ஏழை யூதரின் மக்களும் பேரருமே அவர்களுள் பெரும்பாலோர். தையற்கூடங்களிலும் சிறு கடைகளிலும் உழைத்து, மெல்ல மெல்ல வடமேற்குப் பகுதிக்குக் குடிபெயர்ந்தனர். வெம்பிளி இருப்பதும் அத்திசையிலேயே. 1905இல் அந்நியர் வருகையைத் தடுக்கச் சட்டம் இயற்றிய நாடு அது. அந்நியர் என்று அழைக்கப்பட்டவரின் பேரன், தொலைக்காட்சிக்கு முன் அமர்ந்து, ‘நாம்’ வெல்லவேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லும் நாள் சிறிய நாளா? எதிரணியோ மேற்கு ஜேர்மனி. அறுபது இலட்சம் யூதர் கொல்லப்பட்ட யுத்தம் முடிந்து இருபத்தொரு ஆண்டுகளே கழிந்திருந்தன. களத்தில் ஆடிய இளைஞர்க்கும் அக்கொடுமைக்கும் தொடர்பில்லை என்பது உண்மையே. எனினும் பார்த்துக்கொண்டிருந்த முதியவர் மனத்தில் என்னென்ன ஓடியிருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று. பையன் ஒருவன் தன் குலத்துக்குள் எண்ணப்பட்ட அதே நாளிலே, அவன் குலமும் ஒரு நாட்டுக்குள் எண்ணப்பட விரும்பியது. இரண்டு பசிகளும் நியாயமானவை. ஒன்றின் இலையில் மற்றது உண்டுவிட்டது.

இந்த இடத்திலே நேயர்கள் பலருக்கும் நம் நாட்டு நாள் ஒன்று நினைவுக்கு வந்திருக்கும். 1996 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை. லாகூரில் உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதியாட்டம், இலங்கையும் அவுஸ்திரேலியாவும். அவுஸ்திரேலியா 241 ஓட்டங்கள் எடுத்தது. அரவிந்த டி சில்வா மூன்று விக்கெட்டுகளை வீழ்த்தியதோடு, ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்களும் குவிக்க, இலங்கை ஏழு விக்கெட்டுகளால் வென்றது. தோட்டங்களில் ஞாயிறே ஓய்வுநாள். பிரட்டுக் களம் வெறுமையாயிருக்கும். பால்வெட்டும் கொழுந்தெடுப்பும் இராத நாள். ஆகவே பெரியவளான பெண்பிள்ளைக்கு மஞ்சள் நீராட்டிச் சடங்கு வைப்பதும் பெரும்பாலும் ஞாயிறுகளிலேயே. யூதச் சிறுவனின் நாளைப் பிறப்பு குறிக்கிறது; நம் பெண்பிள்ளையின் நாளைச் சோதிடரும் சம்பள நாளும் தாய்மாமனின் வசதியும் சேர்ந்து குறிக்கின்றன. கிரிக்கெட் அட்டவணையைப் பார்த்து நாள் குறிக்கும் சோதிடர் அன்று இருக்கவில்லை.

நான் அப்போது ஆசிரியத் தொழிலுக்குப் புதியவன். புளத்கொகுபிட்டியவை அடுத்த இறப்பர்த் தோட்டம் ஒன்றில், என் மாணவி ஒருத்தியின் சடங்குக்கு அழைக்கப்பட்டிருந்தேன். லயத்துக்கு மின்சாரம் வந்திராத காலம். பக்கத்து வீட்டிலே மோட்டார் வண்டி மின்கலத்தில் இயங்கிய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டியைச் சுற்றி ஆண்கள் அனைவரும் மொய்த்திருந்தனர். சீர்த்தட்டோடு புறப்பட்ட தாய்மாமன் அவ்வாசலிலே சிலையாகிவிட்டார். “மாமன் வராம புள்ளைய எழுப்ப முடியாதுடா, யாராவது போய்க் கூட்டியாங்கடா!” என்று பாட்டி மூன்று முறை ஆளனுப்பினார். போன ஆளும் திரும்பவில்லை. மாலை போட்டுத் தலை குனிந்து அமர்ந்திருந்த அப்பெண் கண்கலங்குவாளோ என்று நான் அஞ்சினேன். அவளோ தண்ணீர் கொண்டுவந்த தன் அண்ணனை மெல்ல அழைத்து, “அண்ணே, அரவிந்த இன்னும் நிக்கிறாரா?” என்று கேட்டாள்.

அக்கேள்வியை இங்கே எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நம் தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. பின்னர் வாக்குரிமையும் போயிற்று. 1947 தேர்தலில் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய சமூகம், அடுத்த தேர்தலில் எண்ணிக்கைக்கு வெளியே நின்றது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தொகை தொகையாகப் பங்கிட்டது. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. ஆகவே 1996ஆம் ஆண்டின் அந்த ஞாயிறன்று, இலங்கையின் வெற்றிக்காக லயங்களில் ஆர்ப்பரித்தவர்களுள், சட்டத்தின் கண்ணில் இலங்கையர் அல்லாதவரும் இருந்தனர். ஆனால் களத்தில் நின்ற பதினொருவருள் ஒருவர் முத்தையா முரளிதரன். தேயிலைத் தோட்டத் தொழிலுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவரின் பேரன். 1995 டிசம்பர் 26ஆம் திகதி, அவுஸ்திரேலிய மண்ணிலே, அவர் வீசிய பந்துகளை நடுவர் ஏழு முறை முறையற்றவை என்று அறிவித்திருந்தார். மூன்று மாதம் கழியுமுன் அதே அவுஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் பத்து ஓவர்களில் 31 ஓட்டங்களே கொடுத்து வீசியபோது, பக்கத்து வீட்டு வாசலில் நின்ற தாய்மாமன் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆட்டம் முடிந்து, வெடி கொளுத்தி, அதன்பின்னரே மாமன் மாலையைத் திருத்திச் சீர் வைத்தார். பந்தி நள்ளிரவைத் தொட்டது. சோறு ஆறிப்போயிருந்தது, குறை சொன்னவர் பாட்டி ஒருவரே. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பெண்பிள்ளை அந்தச் சடங்கிலே ஒன்றும் செய்வதில்லை. பிறர் செய்வதை ஏற்று அமர்ந்திருக்கிறாள். வருபவர் வராவிட்டால் சடங்கே இல்லை. யூதச் சிறுவனுக்கோ அவன் ஓதிய ஓதல் இருக்கிறது. அதனைக் காலையிலேயே அவன் முடித்துவிட்டான். எந்த ஆட்டமும் அதனை அவனிடமிருந்து பறிக்க இயலாது. நம் பெண்பிள்ளைகளின் விழாவிலும் அவர்கள் கற்ற கல்வியிலிருந்து ஏதேனும் ஒன்றை எழுந்து நின்று சொல்ல இடம் கொடுத்தால் என்ன என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. யூதரும் நெடுங்காலம் பெண்பிள்ளைக்கு இந்த வாய்ப்பைக் கொடுத்தவர் அல்லர். 1922 மார்ச் மாதத்தில் நியூயோர்க் நகரிலே, மொர்தெக்காய் கப்லான் என்னும் சமய அறிஞர் தம் மகள் ஜூடித்தைச் சபை முன்னிலையில் ஓதச் செய்தார். அதன்பின் பார் மிற்சுவாவுக்கு இணையாகப் பாற் மிற்சுவா என்ற பெண்பிள்ளை விழாவும் பல சபைகளில் வேரூன்றியது.

வைலண்டின் படத்துக்குத் திரும்புவோம். விருந்து பாழான பிற்பகலிலே, எதற்கும் துணியாத பேர்னியின் தந்தை மகனை வண்டியில் ஏற்றிக்கொண்டு வெம்பிளிக்கு விரைகிறார். ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தை இருவரும் மைதானத்தில் நின்று காண்கின்றனர். ஓய்வுநாளில் வண்டி ஓட்டியது ஆசாரத்துக்கு ஏற்றதா என்று கேட்பாரும் இருக்கலாம். படத்தைப் பார்த்த எனக்கோ அந்தத் தந்தை அன்று முதன்முறையாக மகனைப் பார்த்தார் என்றே பட்டது.

யூதரிடையே இன்னொரு வழக்கமும் உண்டு. மனிதனுக்கு எழுபது ஆண்டு நிறை ஆயுள் என்பது அவர்களுடைய பழைய கணக்கு. எழுபதுக்கு மேல் வாழ்பவன் புதிதாகப் பிறந்தவன் போலக் கொள்ளப்பட்டு, மேலும் பதின்மூன்று ஆண்டு கடந்து எண்பத்து மூன்றாம் வயதில், பார் மிற்சுவாவை மறுமுறை கொண்டாடுவோரும் உளர். அன்று முதியவர் அதே தோற்சுருளின் முன் நின்று ஓதுவார். 1966 ஜூலையில் ஓதிய சிறுவர் 1953இல் பிறந்தவர்கள். அவர்களுக்கு எண்பத்து மூன்று நிரம்புவது 2036இல். அவ்வாண்டில் உலகக் கிண்ண உதைபந்தாட்டம் இல்லை. ஆனால் நேயர்களே, அது ஒலிம்பிக் ஆண்டு.